மூன்று பேருக்கு உலை

கேள்வி: என் கணவர் புற்றுநோயில் இறந்து எட்டு மாதம் ஆகிறது. நான் பெற்ற ஆறுதலால் பிறரைத் தேற்றுவதற்காகவே ஆண்டவர் இந்தப் பாடுகளை அனுமதித்தார் என்று நம்புகிறேன். அடக்கம் முடிந்த மறுமாதத்திலிருந்து, வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குச் சென்று நோயாளிகளின் குடும்பத்தாருக்குச் சாட்சி சொல்லி ஜெபிக்கிறேன். சென்ற வாரம் ஒரு நோயாளியின் மனைவி, "அக்கா, தயவுசெய்து போய்விடுங்கள்" என்று அழுதுவிட்டாள். வீட்டில் அத்தையும் நானும்தான். அவர் இன்னும் மூன்று பேருக்கு உலை வைக்கிறார். சோறு வீணாகிறது என்று சொன்னால் கேட்பதில்லை. அதனால் இரவுச் சாப்பாட்டை வெளியிலேயே முடித்துக்கொள்கிறேன். என் ஊழியம் தேவசித்தம்தானா?

- வாசகி, பெரம்பூர்

பதில்: அரிசிக் கணக்குப் பார்த்திருக்கிறீர்கள். அந்த மூன்றாவது ஆள் யார் என்று பார்த்தீர்களா? கடிதத்தில் 'என் கணவர்' இருக்கிறார். அத்தையின் மகனைக் காணவில்லை. பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, அவனுக்கும் சேர்த்து அரிசி களைகிறார் ஒரு தாய். அதைப் பார்க்கப் பொறுக்காமல் நீங்கள் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வருகிறீர்கள். வந்து கதவைத் தட்டும்போது அவர் சாப்பிட்டிருப்பாரா? கேட்டதுண்டா?

பெற்ற ஆறுதலால் பிறரைத் தேற்றுவது என்று, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்திலிருந்து உங்கள் ஊழியத்தைத் தொடங்கியிருக்கிறீர்கள். நல்லது. அவரே தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தையும் படியுங்கள். தன் வீட்டாரை விசாரிக்காதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்கிறார். விசாரிப்பது என்றால் மாதாமாதம் மளிகை வாங்கிப் போடுவது அல்ல.

வேதாகமத்தில் வரும் ரூத்தும் கணவனை இழந்தவள்தான். அவள் மாமியார் நகோமியோ கணவனையும் இரண்டு மகன்களையும் இழந்து, வாய் நிறையக் கசப்போடு ஊர் திரும்பியவள். அவளுக்கு ரூத் பிரசங்கம் செய்யவில்லை. வயலுக்குப் போய்க் கதிர் பொறுக்கினாள். தான் உண்டு மீதம் வைத்ததையும் கொண்டுவந்து மாமியார் கையில் கொடுத்தாள். நீங்கள் வெளியே சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு வருகிறீர்கள்.

இன்னொன்று. நீங்கள் சாட்சி சொல்ல வேண்டும் என்பதற்காக ஆண்டவர் உங்கள் கணவரை எடுத்துக்கொண்டார் என்பதை நான் ஏற்கமாட்டேன். அதை அத்தையின் முகத்துக்கு நேராகச் சொல்லிப் பாருங்கள், நாக்கு எழாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் சகோதரி புற்றுநோயில் இறந்தது 1923இல். அந்தத் துக்கத்திலிருந்து அவர் அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கியது 1954இல். துக்கம் பிறருக்கு உதவ அவ்வளவு காலமும் ஆகலாம். உங்களுக்கு ஒரு மாதம் போதுமானதாக இருந்திருக்கிறது. தேற்றப் போனீர்களா, வீட்டிலிருந்து தப்பிக்கப் போனீர்களா என்பது உங்களுக்கே தெரியும்.

ஒரு மாதம் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதீர்கள். வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போய் அத்தை வடித்த சோற்றைச் சாப்பிடுங்கள். மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வையுங்கள், காலையில் பழையது. இதற்கா இத்தனை சண்டை? அவர் மகனுக்குச் சின்ன வயதில் எந்தக் குழம்பு பிடிக்கும், பள்ளிக்கூடத்தில் என்னென்ன சேட்டை செய்தார் என்று கேளுங்கள். சொல்லி அழுவார், அழட்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கல்லறைக்கு அவரையும் அழைத்துப் போங்கள். வசனம் மட்டும் சொல்லவேண்டாம். உங்களைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருக்கும்.

உங்களைப் போகச் சொன்ன அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் குறையே இல்லை. வேதாகமத்தில் பிள்ளைகளை இழந்த யோபுவைத் தேற்ற வந்த நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் வம்பு. மாதம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், "நான் இவர் பக்கத்தில் இருக்கிறேன், நீ போய்க் குளித்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வா" என்று சொல்லுங்கள். ஜெபம் அவர்களாகக் கேட்டால் பார்க்கலாம்.

எனக்கு மறுபடி எழுதுவதானால் அத்தையைப் பற்றி எழுதுங்கள். அவருக்கு என்ன வயது என்றுகூட நீங்கள் சொல்லவில்லை.