அங்கோர் வாட்: முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு

மூட்டுவலி உள்ள அம்மாவையும் எட்டு வயது மகளையும் அழைத்துக்கொண்டு கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள், ஆனால் மேற்கு வாசல் வழியாக வேண்டாம். அகழியைக் கடந்து அந்த நீண்ட கல்பாதையில் வெயிலில் நடப்பதிலேயே அம்மா சோர்ந்துவிடுவார். டுக்டுக் ஓட்டுநரிடம் கிழக்கு வாசலில் இறக்கிவிடச் சொல்லுங்கள். மரநிழலில் மண்பாதை, கூட்டமும் குறைவு.

உள்ளே ஏறியதும் இடப்பக்கம் திரும்பினால் பாற்கடல் கடையும் சிற்பம். வாசுகியை ஒருபுறம் அசுரர், மறுபுறம் தேவர் இழுக்க, நடுவில் திருமால், அடியில் ஆமை. மத்தின் அருகே வெட்டுண்டு சிதறும் மீன்களை மகளுக்குக் காட்டுங்கள். என் அம்மா அந்தச் சுவரின் முன் அரைமணி நேரம் நின்றார். கதை தெரிந்தவருக்கு வழிகாட்டி தேவைப்படவில்லை. காலை வெளிச்சமும் அந்தப் பக்கம்தான் நன்றாக விழும்.

உச்சித் தளமான பாகானுக்கு மிகச் செங்குத்தான படிகள். 12 வயதுக்குக் குறைந்தவர்களை அனுமதிப்பதும் இல்லை. பாட்டியும் பேத்தியும் கீழே இருக்கட்டும், நீங்களும் உங்கள் துணையும் மாறி மாறி ஏறுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். மகளுக்கு டிக்கெட் வேண்டாம், ஆனால் வயதைக் காட்ட அவள் பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். பெரியவர்களுக்கு மூன்று நாள் டிக்கெட்டே வாங்குங்கள். ஒரே நாளில் ஓடினால் அம்மாவின் முழங்கால் தாங்காது.