காற்று எந்தப் பக்கம்? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில் ஏழு ஆண்டுகளாக இருக்கிறேன். அலுவலக நண்பர் இந்த நவம்பரில் மான் வேட்டைக்கு அழைக்கிறார். தரையில் துணிக்கூடாரம் போட்டு அதற்குள் காத்திருப்பார்களாம், 'கிரவுண்ட் பிளைண்ட்' என்கிறார்கள். எந்தக் கூடாரம் வாங்குவது? உள்ளே இருந்தால் நம் வாசனை மானுக்குப் போகாதாமே? ஆனால் 'புதல்மறைந்து வேட்டுவன்' என்று வள்ளுவர் பழித்த செயல் அல்லவா இது?

க.

அன்புள்ள க.,

வள்ளுவரை விட்டுவிடுங்கள். அந்தக் குறளில் அடி வாங்குபவன் தவவேடத்துக்குள் ஒளிந்து தப்புச் செய்கிறவன். புதரில் மறைந்து பறவை பிடிக்கும் வேட்டுவன் உவமைக்கு வந்துபோகிறான், அவ்வளவுதான். மனம் ஒப்பவில்லையென்றால் போகாதீர்கள். அதற்குக் குறள் எதற்கு?

வாசனை போகாது என்று யார் சொன்னது? கூடாரம் விற்கிறவராகத்தான் இருக்கும். போன வாரம்தான் பழைய குளிர்கோட்டு ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து முகர்ந்துகொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்து நிற்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் விஸ்கான்சினில் மகள் வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் 'சும்மா வந்து உட்காருங்கள்' என்று அழைத்துப்போனார். மூன்று வாரம் முன்பே கூடாரத்தை ஓக் மர ஓரத்தில் நட்டு, மான்களின் கண்ணுக்குப் பழகட்டும் என்று விட்டிருந்தார். சுற்றிலும் காய்ந்த கிளைகள் செருகியிருந்தன. விடியுமுன் உள்ளே போனோம். இருட்டோடு இருட்டாக இருக்க எனக்கும் ஒரு கறுப்புச் சட்டை தந்து கோட்டின்மேல் போட்டுக்கொள்ளச் சொன்னார். பின்பக்க ஜன்னல்களை மூடினார். திறந்திருந்தால் வெளிச்சத்தில் நம் உருவம் நிழலாட்டமாகத் தெரிந்துவிடுமாம்.

எட்டு மணிக்கு ஒரு பெண் மான் வந்தது. 40 கெஜம் இருக்கும். நின்றது. மூக்கைத் தூக்கியது. முன்னங்காலால் தரையை ஓங்கித் தட்டியது. பிறகு குக்கர் ஆவி விடுவதுபோல் ஒரு சீறல். வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டது. பெரியவர் குனிந்து என் கோட்டை முகர்ந்தார். ஒரு வாரமாக அது மகளின் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கியது. கடுகு, பெருங்காயம், வெங்காயம், எல்லாம் அதில் இருந்தன. நான் கூசிப்போனேன். அவரோ சிரித்துவிட்டு, காற்று முதுகுப் பக்கம் திரும்பிவிட்டதை அரை மணி முன்பே கவனித்ததாகச் சொன்னார். விருந்தாளியை எழுப்பி இடம் மாற்ற மனம் வரவில்லையாம். பெருங்காயம் இல்லாவிட்டாலும் அது ஓடியிருக்கும் என்றார்.

ஆகவே காற்றைப் பாருங்கள். துணியும் ஜிப்பும் அதைத் தடுக்காது. மான் வரும் தடத்திலிருந்து உங்களை நோக்கிக் காற்று வரவேண்டும், அல்லது குறுக்கே போகவேண்டும். மேடிசனுக்கு மேற்கே சரிவான நிலம். அங்கே இன்னொரு வம்பு உண்டு: வெயில் ஏற ஏறக் காற்று சரிவில் மேலே போகும், பொழுது சாய்ந்து குளிர்ந்ததும் பள்ளத்துக்கு இறங்கும். காலையில் நல்ல இடம் மாலையில் கெட்ட இடமாகிவிடும். என் தாய்மாமா கடலைக்காட்டில் பன்றிக்குக் காவல் இருப்பார். பீடிப் புகை போகும் திசையைப் பார்த்த பிறகே உட்காருவார். அதன் பிறகு பீடியை அணைத்தாரா என்றால் இல்லை. பன்றி வராமல் போனால் அவருக்கு லாபம்தானே!

ஏழு ஆண்டுகளாக அங்கே இருக்கிறீர்களே, நவம்பரில் உங்கள் வீட்டுக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வரும்? கைபேசியைப் பார்க்காமல் சொல்லுங்கள். தெரியாது, இல்லையா? கூடார விலை மட்டும் மனப்பாடமாக இருக்கும்.

சட்டம் உங்கள் நண்பருக்குத் தெரியும். 1973 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வாங்கவேண்டும். வனத்துறை நிலத்தில் துப்பாக்கி வேட்டைப் பருவத்தில் கூடாரம் போட்டால் எல்லாப் பக்கமும் தெரியும்படி 144 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சோ இளஞ்சிவப்போ இருக்கவேண்டும். அது மற்ற வேட்டைக்காரர்களுக்காக. மானுக்கு அந்த ஆரஞ்சு நமக்குத் தெரிவதுபோலத் தெரியாது.

கூடாரம் கேட்டீர்கள். முதல் வருடம் நண்பருடையதிலேயே உட்காருங்கள். கிரீச்சிடாத முக்காலி ஒன்று வாங்குங்கள், போதும். கோட்டை இன்றைக்கே கராஜுக்கு மாற்றிவிடுங்கள். வீட்டில் சாம்பார் கொதிக்கும்போது கராஜுக்குப் போகும் கதவைத் திறந்துவைக்கவேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.