ஐந்து பிள்ளைகளை வளர்த்தது யார்?

கேள்வி: கொரோனா ஊரடங்கில் பெற்றோரின் மனநலம் கெட்டுப்போனதாகச் சென்ற இதழில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தீர்கள். என் அம்மா ஐந்து பிள்ளைகளை வளர்த்தார். மனஅழுத்தம் என்ற வார்த்தையே அவருக்குத் தெரியாது. இன்று ஒன்றைப் பெற்றுவிட்டு, அதோடு நாலு நாள் வீட்டில் இருந்ததற்கே இவ்வளவு புலம்பலா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்

பதில்: நாலு நாளா? 2020 மார்ச்சில் தமிழ்நாட்டில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் வீட்டுக்கு வந்த பிள்ளை, மூன்றாம் வகுப்புப் பிள்ளையாகத்தான் திரும்பப் போனது. தலைமையாசிரியர் கணக்கில் கோட்டை விடலாமா, ஐயா?

உங்கள் அம்மா ஐந்து பேரை வளர்த்தார்தான். ஆனால் காலையில் பழையதைக் குடித்துவிட்டு ஓடிய ஐந்து பேரும் பகலெல்லாம் எங்கே இருந்தீர்கள்? பாதி நேரம் பள்ளியில், மீதி நேரம் தெருவிலும் ஆற்றங்கரையிலும். எதிர்வீட்டுத் திண்ணையில் ஒரு கிழவி எல்லாரையும் அதட்டிக்கொண்டிருப்பார். விளக்கு வைத்த பிறகுதான் வீடு நிறையும். (எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்குத் தலையை எண்ணுவார்கள். சில நாள் ஒன்று கூடுதலாக இருக்கும்.) ஊரடங்கு பள்ளியை மூடியது, தெருவை மூடியது, பெரியவர்களுக்குத் தொற்றிவிடுமே என்று பாட்டி வீட்டுக் கதவையும் சாத்தியது. மிச்சம் இருந்தது ஓர் அறை, ஒரு செல்போன், ஓர் அம்மா.

அந்த செல்போனையும் அப்பா டெலிவரி வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். காலையில் வாட்ஸ்அப்பில் வந்த பாடத்தை இரவு ஒன்பது மணிக்குத்தான் திறக்க முடியும். பிள்ளை தூங்கி வழியும். அம்மாவே இடது கையால் கோணல்மாணலாக எழுதி, போட்டோ எடுத்து அனுப்பிய வீடுகள் எனக்குத் தெரியும்.

எங்கள் குடியிருப்பில் மொட்டைமாடிக்குப் போகும் கடைசிப் படியில் தினமும் மூன்று மணிக்கு ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். காய்ந்த துணி எடுக்கப் போவதாகப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வருவார். கொடியில் துணி இல்லாத நாளிலும் வருவார். கையில் ஆறிப்போன காப்பி. "என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" என்று ஒருநாள் கேட்டேன். "அம்மான்னு யாரும் கூப்பிடாம பத்து நிமிஷம் சார்" என்றார். நானும் அப்படித்தான் கூப்பிட்டிருந்தேன்.

நோய் பொய்யில்லை. பள்ளியை உடனே திறந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டாஸ்மாக் கடைகளை 2020 மே 7-ம் தேதி திறந்தார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னதும் உச்ச நீதிமன்றம் வரை ஓடித் தடை வாங்கி, பத்து நாளுக்குள் மறுபடி திறந்தார்கள். பிள்ளை ஓடியாட ஒரு பூங்காவைத் திறக்க யார் டெல்லிக்கு ஓடினார்கள்? வேலை போன ஆண் வாங்கிக் குடித்துவிட்டு வந்து விழுந்ததும் அதே ஓர் அறையில்தான்.

மனஅழுத்தம் என்ற வார்த்தை அந்தக் காலத்தில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். கிறுகிறுப்பு என்றார்கள், நெஞ்சடைப்பு என்றார்கள், பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலை அடித்தார்கள். உங்கள் அம்மா கிணற்றடியில் தனியாக எவ்வளவு நேரம் நின்றார் என்று அவர் சொல்லியிருக்க மாட்டார், நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

கோடை விடுமுறை முடிந்து ஜூனில் பள்ளி திறக்கிற அன்று வாசலில் நின்றிருப்பீர்களே. "சார், இவனை உள்ள கூட்டிட்டுப் போங்க, வீட்ல வெச்சுக்கிட்டு மாளல" என்று எத்தனை தாய்மார்கள் உங்களிடமே சொல்லியிருப்பார்கள்? அது வெறும் இரண்டு மாத லீவுக்கு.