துருவித் துருவிக் கேட்பது: ‘துருவு’ என்ற வினைக்கு என்ன பொருள், எங்கே பயன்படுத்தலாம்?

‘கண்டுபிடி’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘துருவு’ என்று எழுதலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. துருவுவது முயற்சி, கண்டுபிடிப்பது அதன் பலன். ‘பழைய கணக்கையெல்லாம் துருவிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை’ என்பது நல்ல தமிழ். அங்கே ‘கண்டுபிடித்தும் அகப்படவில்லை’ என்றால் பொருளே குலைந்துவிடும். பலனும் தெரிய வேண்டுமென்றால் ‘துருவிக் கண்டுபிடித்தார்’, ‘துருவி எடுத்தார்’ என்று இன்னொரு வினையைச் சேர்க்க வேண்டும்.

துளைத்தல், சுரண்டி எடுத்தல், தேடி ஆராய்தல் ஆகிய மூன்றும் ‘துருவு’ என்பதன் பொருள்கள். தேங்காய் மூடியைத் துருவும்போது ஒரே இழுப்பில் எல்லாம் வந்துவிடாது. ஓட்டை ஒட்டியிருப்பதையும் விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறோம். ‘துருவித் துருவிக் கேட்டார்’ என்பதிலும் அதே விடாப்பிடிதான். அதனால்தான் அடுக்கி வரும்போது இந்தச் சொல்லுக்கு முழு வலு கிடைக்கிறது.

பக்கத்துச் சொற்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அடங்கிப்போன சண்டையைக் ‘கிளறுவார்கள்’, துருவமாட்டார்கள். ‘நோண்டு’ என்றால் வேண்டாத வேலை என்ற கண்டிப்பு வந்துவிடும். ‘கேள்வி கேட்டுக் குடைகிறான்’ என்றால் கேட்கப்படுபவரின் தொல்லை முன்னே நிற்கிறது. ‘துருவுகிறான்’ என்றால் மறைந்திருக்கும் செய்தி முன்னே நிற்கிறது. ஆனால் அடுத்தவர் சொந்த விஷயத்தைத் துருவுவது பெரும்பாலும் அநாகரிகம்தான். அந்தச் சாயல் சொல்லிலும் உண்டு.

துருவினான், துருவுகிறான், துருவுவான் என்று வரும். துருவப்படும் பொருளுக்கு ‘ஐ’ சேரும்: ஆவணங்களைத் துருவினார். ஆளிடம் என்றால் ‘அவரிடம் துருவித் துருவிக் கேட்டார்’.

ஒற்றில்தான் பலர் தவறுகிறார்கள். ‘துருவிக் கேட்டார்’, ‘துருவிப் பார்த்தார்’ என்பவற்றில் ஒற்று கட்டாயம். ‘துருவிய தேங்காய்’ என்பதில் வராது. இதைக் கவனியுங்கள்: ‘தேங்காய் துருவி வைத்தாள்’ என்றால் வேலை முடிந்தது. ‘தேங்காய்த் துருவி வைத்தாள்’ என்றால் கருவியை எடுத்து வைத்தாள். ஒரு ‘த்’ செய்யும் வேலை அது.

இரும்பில் பிடிக்கும் ‘துரு’ வேறு சொல். ‘துறுவி’ என்று வல்லின றகரம் போடுவது பிழை.