எண்ண வரலாம், வளையம் மாட்ட முடியாது

கேள்வி: அண்ணே, ஜனவரில மொயுன்ஜி ஏரிக்குப் பறவை எண்ணப் போறோம்னு ஃப்ரெண்டு கூப்பிடுறான். ஆயிரக்கணக்குல பறக்குறத எப்படி எண்ணுறது? கால்ல வளையம் மாட்டவும் விடுவாங்களா? (மியான்மர், பெகுவிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தாராளமா போங்க தம்பி. 1987லேர்ந்து வருஷா வருஷம் ஜனவரில ஆசியா முழுக்க நடக்குற நீர்ப்பறவைக் கணக்குதான் இது, மொயுன்ஜியும் சாதாரண ஏரி இல்ல, 2004ல மியான்மரோட முதல் ராம்சர் இடமா, அதாவது உலக அளவுல முக்கியமான நீர்நிலையா அறிவிச்சது அதத்தான். எண்ணுறதுக்கு ஒரு வித்தை இருக்கு, முதல்ல கூட்டத்துல ஒரு ஓரமா பத்துப் பறவைய ஒண்ணு ரெண்டுன்னு எண்ணி அது எவ்வளவு இடம் அடைக்குதுன்னு கண்ணுல பதிச்சுக்கணும், அப்புறம் அதே அளவுல பத்து பத்தா, பெரிய கூட்டம்னா நூறு நூறா தாண்டிக்கிட்டே போகணும். நான் முதல் தடவ போனப்ப சீழ்க்கைச் சிறகிங்கிற வாத்துகள முந்நூறு வரைக்கும் எண்ணிட்டேன், படகுல எந்திரிச்சு நின்னு தொலைச்சேன், மொத்தமும் விசிலடிச்சுக்கிட்டு கிளம்பிடுச்சு, திரும்ப ஒண்ணுலேர்ந்து!

வளையம் வேற கதை. ஒரு பறவை எங்கேர்ந்து எங்க போகுதுன்னு தெரிஞ்சுக்க, அத வலையில பிடிச்சு நம்பர் போட்டு மாட்டுறது அது. அதுக்குப் பயிற்சியும் அனுமதியும் வேணும், வலையில மாட்டுனத எடுக்கத் தெரியலன்னா றெக்க ஒடிஞ்சிடும். ஆனா வளையம் போட்ட பறவை கண்ணுல பட்டா நம்பர், கலர், எந்தக் காலு, எல்லாத்தையும் எழுதி, கணக்கெடுப்ப நடத்துறவங்ககிட்ட குடுங்க. எண்ணப் போறப்ப வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம், பறவை மிரண்டுடும்.