வீட்டில் வண்ணக் கண்ணாடி வேலை: ஈயம் எந்த வழியால் உள்ளே போகிறது?

புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்:

"கனடாவில் இருக்கிற அக்கா அனுப்பிய சாமான்களை வைத்து வீட்டில் வண்ணக் கண்ணாடி வேலை பழகி வருகிறேன். கண்ணாடித் துண்டின் ஓரத்தில் செப்பு நாடா ஒட்டி, சோல்டர் பிடித்து, ஜன்னலில் தொங்கவிடுகிற பறவை, பூ இப்படிச் சின்னச் சின்னப் பொருட்கள். இரண்டு மூன்று விற்றும் இருக்கிறேன். பிள்ளைகள் படுத்த பிறகு குசினி மேசையில்தான் வேலை. மூத்தவனுக்கு நான்கு வயது, சின்னவளுக்கு இன்னும் பால் கொடுக்கிறேன். சோல்டர் பிடிக்கும்போது வருவது ஈயப் புகை, பிள்ளைகளுக்குக் கூடாது என்று இவர் சத்தம் போடுகிறார். மாஸ்க் போட்டால் போதுமா? சோல்டர் கம்பியும் விலை கூடிவிட்டது. முல்லைத்தீவில் மாமாவிடம் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு நிறைய இருக்கிறது. அதை உருக்கிப் பாவிக்கலாமா?"

உங்கள் கணவர் பயப்படுவது சரி. ஆனால் அவர் காட்டுகிற இடத்தில் ஈயம் இல்லை.

முதலில் அந்தப் புகையைப் பார்ப்போம். சுத்தமான ஈயம் உருகுவதற்கே 327 பாகை செல்சியஸ் வேண்டும். 60/40 என்று போட்டிருக்கும் சோல்டர், அதாவது 60 பங்கு வெள்ளீயமும் (டின், பெயரில் ஈயம் இருந்தாலும் வேறு உலோகம்) 40 பங்கு ஈயமும் கலந்தது, 190 பாகை அளவிலேயே உருகி ஓடிவிடும். உங்கள் சோல்டரிங் அயனின் நுனி 350 முதல் 400 பாகை வரை சூடாகும். ஈயம் ஆவியாகிக் காற்றில் கவனிக்கத்தக்க அளவு கலக்க வேண்டும் என்றால் சூடு 500 பாகையைத் தாண்ட வேண்டும். ஆகவே நீங்கள் காண்கிற வெள்ளைப் புகை ஈயம் அல்ல. சோல்டர் ஒட்டுவதற்காகப் பூசுகிற பிளக்ஸ் எரிகிற புகைதான் அது.

அதற்காக அது நல்ல புகை என்று நினைத்துவிட வேண்டாம். வண்ணக் கண்ணாடி வேலைக்கு விற்கிற பிளக்ஸ் பலவற்றில் துத்தநாகக் குளோரைட்டு இருக்கும். அதன் புகை மூக்கையும் தொண்டையையும் அரிக்கும், கண்ணை எரிக்கும். பைன் மரப் பிசினில் செய்த பிளக்ஸ் என்றால் வேறு தொல்லை: நாட்பட மூச்சில் போனால் தொய்வு (ஆஸ்துமா) இல்லாதவருக்கும் தொய்வை வரவழைக்கக் கூடியது. வீட்டில் யாருக்காவது ஏற்கெனவே தொய்வு இருந்தால் அந்த வகையை வாங்கவே வேண்டாம். மாஸ்க் விஷயமும் இங்கேதான் வருகிறது. கொரோனாக் காலத்தில் பழகிய என்95 தூசைத் தடுக்கும், அமில வாயுவைத் தடுக்காது. அதைப் போட்டுக்கொண்டு மூடிய அறையில் இருப்பதைவிட, மாஸ்க் இல்லாமல் திறந்த விறாந்தையில் இருப்பது மேல்.

விறாந்தையில் எப்படி இருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். குனிந்து முகத்தை வேலைக்கு மேலே கொண்டுபோகாமல், காற்று உங்களுக்குப் பக்கவாட்டில் வந்து புகையை வெளியே இழுத்துக்கொண்டு போகும்படி கதிரையைப் போடுங்கள். காற்று இல்லாத நாளில் மேசை விசிறியையும் அதேபோலப் பக்கத்தில் வையுங்கள். சோளகம் வீசுகிற மாதங்களில் வன்னியில் காற்றுக்குக் குறைவில்லை. அப்போது வேறு சிக்கல்: பலமான காற்று சோல்டரைக் குளிரவைத்துவிடும், கண்ணாடித் தூளை வீட்டுக்குள்ளே கொண்டுபோகும். காற்று வருகிற பக்கம் ஒரு பலகையோ தகரமோ மறைப்பாக வைத்தால் சமாளிக்கலாம்.

சரி, ஈயம் எங்கே? உங்கள் விரலில். சோல்டர் கம்பியைப் பிடித்த விரலில், துடைத்த துணியில், மேசையில் தெறித்துக் கிடக்கும் சின்னச் சின்ன உருண்டைகளில், மடியில். அங்கிருந்து வாய்க்குப் போகிறது. பக்கத்தில் வைத்த தேத்தண்ணிக் கோப்பையின் விளிம்பைத் தொடுகிறீர்கள். பங்குனி சித்திரை வெக்கையில் வேர்க்கிறது, புறங்கையால் உதட்டைத் துடைக்கிறீர்கள். நகம் கடிக்கிறவர், வெற்றிலை போடுகிறவர், பீடி பிடிக்கிறவர் என்றால் சொல்லவே வேண்டாம். பொழுதுபோக்காக வீட்டில் சோல்டர் பிடிக்கிறவர்களுக்கு ஈயம் ஏறுகிற முதல் வழி இதுதான். மூக்கில் எவ்வளவு விலையான மாஸ்க் போட்டாலும் இந்த வழி அடைபடாது.

குசினி மேசை வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வதற்கும் காரணம் இதுதான். இரவு சோல்டர் பிடித்த அதே பலகையில் காலையில் ரொட்டி தட்டுகிறீர்கள். துடைத்துவிட்டுத்தானே செய்கிறேன் என்பீர்கள். பலகையின் கீறலுக்குள் போனது துடைத்தால் வராது. சிறு பிள்ளைகளின் உடல், வயிற்றுக்குள் போன ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்த அளவு வரை பயமில்லை என்று சொல்லக்கூடிய எல்லையும் ஈயத்துக்கு இல்லை. அது பிள்ளையின் மூளை வளர்ச்சியைத் தொடுகிறது. வெளியே ஒரு அறிகுறியும் தெரியாமலே தொடும் என்பதுதான் இதில் கொடுமை. தாயின் உடலில் ஏறிய ஈயம் தாய்ப்பாலிலும் கொஞ்சம் இறங்கும்.

ஆகவே உங்கள் வீட்டு நிலைமைக்கு என் முடிவு இது: சின்னவள் வளர்ந்து, கண்டதையும் வாயில் வைக்கிற வயது கடக்கும் வரைக்கும் ஈயம் இல்லாத சோல்டருக்கு மாறுங்கள். பெரும்பாலும் வெள்ளீயம், அதனுடன் கொஞ்சம் செம்போ வெள்ளியோ சேர்ந்த கம்பி அது. விலை கூட. உருகுவதற்கு 220 பாகைக்கு மேல் சூடு வேண்டும், பழைய சோல்டர் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடாது, முதல் சில துண்டுகள் கரடுமுரடாக வரும். கை பழகிவிடும். அக்கா அடுத்த முறை சாமான் அனுப்பும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். பிளக்ஸ் புகை மட்டும் இதிலும் அப்படியேதான் இருக்கும், விறாந்தையை விட முடியாது.

கையில் இருக்கிற ஈயச் சோல்டரை முடித்துவிட்டுத்தான் மாறுவேன் என்றால், வேலைக்கென்று ஒரு பழைய சட்டை வையுங்கள். வேலை முடிந்ததும் அதைக் கழற்றி, தனியாகத் தோயுங்கள், பிள்ளைகளின் உடுப்போடு சேர்க்க வேண்டாம். பிறகு கை. நம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் வன்தண்ணீர், சவர்க்காரம் லேசில் நுரைக்காது. இரண்டு முறை போட்டு, நகத்துக்குள் பிரஷ் வைத்துத் தேயுங்கள். முகத்தையும் கழுவுங்கள். கழுவுகிற தண்ணீர் கிணற்றுப் பக்கம் திரும்பி ஓடாத இடமாகப் பாருங்கள். பிள்ளை அழுகிறாள் என்று இடையில் எழும்பி ஓடினாலும் கழுவிய பிறகுதான் தூக்க வேண்டும். நடைமுறையில் இது கஷ்டம், தெரியும். அதனால்தான் ஈயம் இல்லாத சோல்டரை முதலில் சொன்னேன்.

பால் குடித்தால் ஈயம் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். போகாது. இரும்பும் கல்சியமும் குறைந்த உடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும் என்பது உண்மை, ஆகவே முருங்கைக்கீரையும் நெத்தலியும் நன்றாகச் சாப்பிடுங்கள். ஆனால் ஏறியதை வெளியேற்றுகிற மருந்தாக எதையும் நினைக்க வேண்டாம்.

அடுத்தது மாமாவின் ஈயக்குண்டு. இதற்கு என் பதில் ஒரேயடியாக வேண்டாம் என்பதுதான். வெறும் ஈயம் இந்த வேலைக்குச் சோல்டராகவே உதவாது. வெள்ளீயம் கலந்தால்தான் செப்பில் ஒழுங்காகப் பிடித்து ஓடும். அதைவிடப் பெரிய காரணம், உருக்குகிற விதம். அயனில் சூட்டுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. விறகு அடுப்பில் சட்டியை வைத்து ஈயம் உருக்கினால் சூடு எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் கணவர் பயந்த அந்த ஈயப் புகை உண்மையாக வருவது இங்கேதான். மேலே படிகிற சாம்பல் நிறக் கசடு தூளாகி வளவெல்லாம் பறக்கும். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலோ, ஈரமான குண்டு ஒன்றைப் போட்டாலோ, தண்ணீர் ஒரே நொடியில் நீராவியாகி ஈயத்தை முகத்தில் அடிக்கும். பழைய வாகன பற்றரியை உடைத்து ஈயம் எடுப்பது இதைவிட மோசம். அமிலமும் ஈயத் தூளும் சேர்ந்தே வரும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஈயம் தேடுகிறேன் என்று காணியைக் கிளறும்போது வருகிற சன்னம், கோது, உலோகத் துண்டு எதையும் நீங்களோ பிள்ளைகளோ கையில் எடுக்க வேண்டாம். உங்கள் ஊரில் இதை ஏன் சொல்கிறேன் என்று விளக்கத் தேவையில்லை. கண்ட இடத்தில் விட்டு, பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்கோ சொல்லுங்கள்.

கண்ணாடிக்கு வருவோம். வெட்டுக்காயத்தை எல்லோரும் எதிர்பார்ப்பார்கள், கண்ணைத்தான் மறந்துவிடுவார்கள். குறடால் நெரித்து உடைக்கும்போது தெறிக்கிற சில்லு மிகச் சின்னது. பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் வெட்டவோ அரைக்கவோ கூடாது. கண்ணில் ஏதாவது குத்தி நிற்கிறது போல இருந்தால் கசக்காமல், எடுக்கப் பார்க்காமல், மேலே அழுத்தாமல் ஒரு கோப்பையைக் கவிழ்த்து மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பிளக்ஸ் தெறித்தால் அது வேறு: உடனே ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டுத்தான் ஆஸ்பத்திரி. காலில் பாட்டாச் செருப்பு போதாது, மூடிய சப்பாத்து வேண்டும். ஆழமாக வெட்டினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். உள்ளே துண்டு நின்றால் பிடுங்காமல் அதன் இரு பக்கமும் அழுத்துங்கள். ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

கண்ணாடி ஓரத்தை மெசினில் அரைக்கிறபோது, அரைக்கிற தலைக்குத் தண்ணீர் கொடுக்கும் பஞ்சு எப்போதும் நனைந்திருக்க வேண்டும். காய்ந்த கண்ணாடியை அரைத்தால் தூள் நெஞ்சுக்குள் போகும். சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் கண்ணாடிகள் சிலவற்றில் நிறத்துக்காகக் காட்மியம் சேர்த்திருப்பார்கள், அந்தத் தூள் இன்னும் கூடாது. தண்ணீரும் கரண்டும் சேர்கிற மெசின் என்பதால் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிற இணைப்பிலேயே போடுங்கள். மாதம் ஒருமுறை அதன் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கரண்ட் போனால் அயனையும் மெசினையும் பிளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள். போனது நடுச்சாமத்தில் திரும்பி வரும், அயன் மேசைமேல் தானாகச் சூடேறும், நீங்கள் நித்திரையாக இருப்பீர்கள். சூடு பட்டால் 20 நிமிடம் ஓடுகிற தண்ணீர். பற்பசை பூச வேண்டாம்.

முடிந்த சோல்டர் கோட்டுக்கு நிறம் ஏற்றுகிற திரவங்கள் இரண்டு வகை. செம்பு நிறம் தருவது மயில்துத்தக் கரைசல், தோட்டம் செய்கிறவர்களுக்குப் பழக்கமானதுதான். கறுப்பு நிறம் தருவதில் பெரும்பாலும் செலீனியச் சேர்மமும் அமிலமும் இருக்கும், அது தோல் வழியாகவும் உள்ளே போகும். இரண்டுக்கும் றப்பர் கையுறை போடுங்கள், வெளியில் வைத்துப் பூசுங்கள். மிச்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். பூச்சிமருந்தை அப்படி வைத்து நடந்த துயரங்கள் போதும். வந்த போத்தலிலேயே, மூடி இறுக்கி, பூட்டு உள்ள பெட்டியில் இருக்கட்டும்.

கூட்டுவதற்குத் தும்புத்தடி எடுக்காதீர்கள், தூளைக் கிளப்பிவிடும். ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். அரைத்த சேற்றுத் தண்ணீரைப் பழைய வாளியில் ஒரு இரவு அடையவிட்டு, தெளிந்ததை மரக்கறிப் பாத்தியிலும் கிணற்றடியிலும் படாமல் ஊற்றுங்கள். அடியில் நிற்பதைக் காயவைத்து, சோல்டர் சிந்தல், துடைத்த கடதாசி, ஈயம் பட்ட துணி எல்லாவற்றையும் மூடியுள்ள தகரப் பேணி ஒன்றில் சேர்த்து வையுங்கள். பின்னேரக் குப்பையோடு போட்டுக் கொளுத்த வேண்டாம். இன்னொன்று, கோழி. மண்ணைக் கிளறும் கோழி பளபளக்கும் சோல்டர் உருண்டையைத் தானியம் என்று கொத்திவிடும். ஈயம் கலந்த மண்ணில் மேய்கிற கோழியின் முட்டையிலும் ஈயம் ஏறும். கோழி வளர்க்கிறீர்கள் என்றால் விறாந்தை ஓரத்தில் ஒரு வலை கட்டிவிடுங்கள்.

இத்தனை நாள் குசினியில் செய்துவிட்டேனே என்ற கவலை இருந்தால், டொக்டரிடம் போய், வீட்டில் ஈயச் சோல்டர் வேலை செய்தேன், சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நேரடியாகச் சொல்லுங்கள். நாமாகச் சொல்லாவிட்டால் வயிற்றுவலிக்கும் களைப்புக்கும் ஈயத்தை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கும் சோதனை உண்டு. எங்கே செய்யலாம் என்று அவர் சொல்வார். ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈயம் வருகிற இடத்தைக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டல்.

கை நன்றாக ஓடத் தொடங்கியதும், கோயில் ஜன்னலைப் பழுதுபார்த்துத் தா என்று யாராவது கேட்பார்கள். பழைய தேவாலய ஜன்னல்களில் துண்டுகளைப் பிடித்து வைத்திருப்பது அனேகமாக முழு ஈயச் சட்டம். ஈரக்காற்றில் அதன்மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கும், அதுவும் ஈயம்தான், தொட்டவுடன் கையில் வரும். பாலூட்டுகிற காலத்தில் அந்த வேலையை எடுக்க வேண்டாம்.

விற்கிற பொருட்களைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்தே கொடுங்கள். ஏற்கெனவே ஈயச் சோல்டரில் செய்ததை வாங்கியவரிடம் அதைச் சொல்லி, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். இனிப்புத் தட்டு, கிண்ணம் மாதிரி சாப்பாடு படுகிற எதையும் அந்தச் சோல்டரில் செய்து தரச் சொல்லிக் கேட்டால், மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.