வரி ஏறியது, வரித்தளம் ஏறவில்லை

அன்புள்ள ஐயா,

எங்கள் நகராட்சியில் ஒரு கவுன்சிலர், “வரித்தளம் குறுகிக் கிடக்கிறது, அதனால்தான் பணமில்லை” என்றார். 2022இல்தானே சொத்து வரியை ஏற்றினார்கள்? வரித்தளம் என்றால் வசூலாகும் தொகைதானே?

ஒரு வாசகர், தஞ்சை மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

வசூல் வேறு, வரித்தளம் வேறு. எவற்றின்மேல் வரி போட ஊருக்குச் சட்டம் இடம் தருகிறதோ, அவற்றின் மொத்த மதிப்புதான் வரித்தளம். 2022இல் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதமும் 1800க்கு மேற்பட்டதற்கு 100 சதவீதமும் ஏறின. ஏற்கெனவே கட்டிவந்தவர்கள்தான் கூடுதலாகக் கட்டினார்கள். புதிதாக எந்தக் கட்டடமும் அதனால் கணக்கில் சேர்ந்துவிடவில்லை.

உங்கள் ஊர்க் கடைத்தெருவையே பாருங்கள். தீபாவளிக்கு ஜவுளிக்கடையில் எவ்வளவு விற்றாலும் ஜிஎஸ்டி மத்திய, மாநில அரசுகளுக்குத்தான் போகும். நகராட்சிக்கு மிஞ்சுவது கட்டடத்தின் சொத்து வரி, அப்புறம் தொழில் வரி. தொழில் வரிக்கோ ஆண்டுக்கு 2500 ரூபாய்தான் என்று அரசியல் சாசனமே வரம்பு கட்டியிருக்கிறது. அது 1988இல் வைத்த வரம்பு. அரை ஆண்டில் 75,000 ரூபாயைத் தாண்டிச் சம்பாதிப்பவரும் பல லட்சம் சம்பாதிப்பவரும் அதே 1250 ரூபாய்தான் கட்டுகிறார்கள். இது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது. ரயில் நிலையம், தபால் அலுவலகம் போன்ற மத்திய அரசுச் சொத்துக்கும் வரி போட முடியாது.

ஆக, பாரமெல்லாம் வீட்டின்மேல் விழுகிறது. அந்த வீட்டுக் கணக்காவது சரியாக இருக்கிறதா? பதிவேட்டில் ‘தரைத்தளம், 700 சதுர அடி, குடியிருப்பு’ என்றிருக்கும். நேரில் போனால் மேலே இரண்டு மாடி, கீழே மருந்துக்கடை. ஊர் வளர்ந்தாலும் பதிவேடு வளரவில்லை. உங்கள் கவுன்சிலர் சொன்ன குறுகல் இதுதான். விட்டுப்போன பாக்கியை, ஒழுங்காகக் கட்டுகிற பக்கத்து வீட்டுக்காரர் சுமக்கிறார்.

இதைச் சரிசெய்யத் துணிவு வேண்டும். சென்னையில் 1998க்குப் பிறகு 2018இல் வரியைச் சீராய்வு செய்தார்கள். எதிர்ப்பு வந்ததும் 2019இல் நிறுத்திவைத்துவிட்டார்கள். இத்தனை ஆண்டு தள்ளிப்போட்டதை 2022இல் மக்கள் ஒரே அடியாக வாங்கினார்கள்.

நீங்கள் ஒன்று செய்யலாம். உங்கள் வார்டில் வணிக மின் இணைப்பு எத்தனை, வணிகக் கட்டடமாக வரி கட்டுபவை எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். இரண்டு எண்ணுக்கும் பெரிய இடைவெளி இருந்தால், அதைக் கவுன்சிலரிடம் கொண்டுபோய்க் காட்டி, அடுத்த வரி உயர்வுக்கு முன்னால் மறு அளவீடு கேளுங்கள்.